மாராமண் கிணறு
திருச்சபைகள் திருந்திய கதை – 9

அக்டோபர் பிறந்தால் மாராமண் பள்ளியில் பெருநாள். சுறியானிக் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயத்தைப் 'பள்ளி' என்றுதான் சொல்வார்கள். அந்த ஊர்க் கதையை அந்த ஊர்ச் சொல்லிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

1685இல் கோதமங்கலத்தில் அடக்கமான மார் பசேலியோஸின் நினைவு நாளையொட்டி வரும் பெருநாள் அது. மேற்காசியாவிலிருந்து கடலும் மலையும் கடந்து, தொண்ணூறைத் தாண்டிய வயதில் மலையாள நாட்டுக்கு வந்து, வந்த கொஞ்ச நாளிலேயே கண்மூடிய மெத்ரான், அதாவது பிஷப், அவர். மாராமண் மக்கள் அவருக்கு மரத்தில் ஓர் உருவம் செய்து வைத்திருந்தார்கள். அதை 'முத்தப்பன்' என்று அழைத்தார்கள். பெருநாளன்று முத்தப்பன் ஊர்வலமாக வருவார். பொன்னும் பணமும் காணிக்கை விழும். பிள்ளை வேண்டியவர்களும் நோய் தீர வேண்டியவர்களும் அந்த மர உருவத்தின் முன் நின்று மனம் விட்டு மன்றாடுவார்கள்.

1837ஆம் ஆண்டுப் பெருநாளுக்கு முத்தப்பன் வரவில்லை. பள்ளியின் குருவான கத்தனாரே அவரைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருந்தார். உயிரோடிருப்பவர்களுக்காகச் செத்தவர்களிடம் போய் விசாரிப்பது ஏன் என்று ஏசாயா தீர்க்கதரிசி எழுப்பிய கேள்வியையே அவரும் எழுப்பினார் என்று மாராமண் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

அந்தக் கத்தனாரின் பெயர் பாலக்குன்னத்து ஆபிரகாம். அவருக்கு அப்போது வயது 41. 'மல்பான்' என்பது பட்டம். சுறியானி மொழியில் ஆசிரியர் என்று பொருள். வேதமும் வழிபாட்டு மொழியும் கற்றுக்கொடுத்து, கத்தனார்களை உருவாக்குகிறவர்களுக்கே அந்தப் பட்டம் உண்டு. இந்த இதழில் நாம் பார்க்கப்போவது அவரைத்தான். கிணற்றுச் சம்பவம் ஊரறிந்தது, சொல்லச் சுவையானது. ஆனால் அவர் செய்த பெரிய காரியம் அதற்கு ஐந்து வாரம் முன்பே, எந்த ஆரவாரமும் இல்லாமல் நடந்து முடிந்திருந்தது. அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மாராமண், பம்பை ஆற்றின் வடகரையில், கோழஞ்சேரிக்கு எதிரே இருக்கும் ஊர். ஆறன்முளையும் பக்கம்தான். பாலக்குன்னத்து வீட்டில் 1796 மே மாதம் பிறந்த ஆபிரகாம் சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். சிற்றப்பன் வளர்த்தார். புதுப்பள்ளியில் கோரா மல்பானிடம் சுறியானி கற்றார். அந்தக் காலத்தில் கத்தனாராக வேண்டிய பையன் மல்பானின் வீட்டிலேயே தங்கி, அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிப் படிப்பான். பல பேருக்கு வழிபாட்டு வரிகளை மனப்பாடம் செய்வதோடு படிப்பு முடிந்துவிடும். அந்த வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் குறைவு. ஆபிரகாம் அந்த மொழியையே பிடித்துக்கொண்டார். சுறியானியில் எழுதவும் வாசிக்கவும் விளக்கவும் அவரைப்போல் வல்லவர்கள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

1815இல் கோட்டயத்தில் செமினாரி எழுந்ததையும், அதைக் கட்டிய புலிக்கோட்டு இட்டூப் ரம்பான் என்ற துறவியையும், பின்னாலிருந்து உதவிய கும்பினி ரெசிடென்ட் கர்னல் மன்றோவையும் சென்ற இதழில் பார்த்தோம். 1816 முதல் சர்ச் மிஷனரி சொசைட்டியின் (சி.எம்.எஸ்.) மிஷனரிகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பெஞ்சமின் பெய்லி, ஜோசப் ஃபென், ஹென்றி பேக்கர் என்ற மூவரைக் கோட்டயத்து மக்கள் இன்றும் மறக்கவில்லை. சுறியானிச் சபையைத் தங்கள் சபையாக மாற்றக் கூடாது, அது தன் காலில் நின்று தானே துளிர்க்க உதவ வேண்டும் என்பதுதான் அந்த முதல் தலைமுறைக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் அதைப் பெரும்பாலும் காப்பாற்றினார்கள். அந்தச் செமினாரியில் சுறியானி கற்பிக்க வந்தவர்தான் ஆபிரகாம் மல்பான்.

அங்கே அவருக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. சுறியானி வேதாகமம் அவருக்குப் புதிதல்ல. புதிதாக வந்தது மலையாள வேதாகமம். 1811இலேயே நான்கு சுவிசேஷங்கள் மலையாளத்தில் பம்பாயில் அச்சாகியிருந்தன. காயங்குளம் பிலிப்போஸ் ரம்பான் சுறியானியிலிருந்து அதைப் பெயர்த்தார். திம்மப்பா பிள்ளை என்பவர் துணை நின்றார். நம் பாப்ரிசியஸ் ஐயரின் தமிழ் வேதாகமமும் அந்த வேலைக்குக் கைகொடுத்தது. ஆனால் அந்தப் பதிப்பு ஊருக்கெல்லாம் போய்ச் சேரும் அளவுக்கு இல்லை. பெய்லி 1821இல் கோட்டயத்தில் அச்சகம் வைத்து, உள்ளூர்க் கைவினைஞர்களை வைத்துக்கொண்டு மலையாள எழுத்துகளைத் தாமே வார்த்து, 1829இல் புதிய ஏற்பாட்டை முழுதாக அச்சிட்டார். முழு வேதாகமம் 1841இல் வந்தது.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715லேயே அச்சாகி முடிந்துவிட்டது. நம் கிராமத்துப் பாட்டிகள் தலைமுறை தலைமுறையாகத் தமிழில் ஜெபித்து, தமிழில் பாடி, தமிழில் வேதம் கேட்டு வளர்ந்தவர்கள். தாய்மொழியில் ஆராதனை நமக்கு மூச்சுவிடுவது போல. ஆனால் நம்மைவிடப் பல நூற்றாண்டு மூத்த, அப்போஸ்தலர் தோமாவிடமிருந்தே தங்கள் விசுவாசம் வந்தது என்று சொல்லும் சபையில், 1830களில்கூடப் பலிபீடத்தின் முன் கத்தனார் சொல்வது பின்னால் நிற்கும் மக்களுக்குப் புரியாது. மணியோசையும் தூபப் புகையும் ராகமும்தான் அவர்களுக்குப் புரிந்த ஆராதனை. அந்த மக்களுக்குப் பக்தி குறைவு என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்காக ஏறெடுக்கப்படும் ஜெபத்தில் என்ன கேட்கப்படுகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆபிரகாம் மல்பானுக்கு இரண்டு மொழியும் தெரியும். ஒரு கையில் சுறியானித் தக்சா, அதாவது வழிபாட்டு முறை நூல். மறு கையில் வேதாகமம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோது, தக்சாவில் உள்ள சில வரிகளுக்கு வேதாகமத்தில் ஆதாரம் காணோமே என்று அவருக்குத் தோன்றியது. புனிதர்களிடம் பரிந்துபேசக் கேட்கும் வரிகள், மரித்தவர்களின் பாவம் தீர வேண்டும் வரிகள், இப்படி. இதை மிஷனரிகள் அவர் காதில் ஓதிவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பார் அன்றும் சொன்னார்கள், இன்றும் எழுதுகிறார்கள். மிஷனரிகளின் பேச்சும் பழக்கமும் அவர் மனத்தில் வேலை செய்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. வருஷக்கணக்கில் ஒரே வளாகத்தில் இருந்தவர்கள். ஆனால் அவர்களில் எவரையும்விட அவருக்குச் சுறியானி நன்றாகத் தெரியும். அந்தத் தக்சாவை உள்ளிருந்து அறிந்தவர் அவர். கடன் வாங்கிய கருத்துக்காக மட்டும் ஒரு மனிதர் பிற்காலத்தில் அவர் பட்ட பாட்டையெல்லாம் பட்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

1830களில் காற்று மாறியது. மூத்த மிஷனரிகள் இருந்த இடத்தில் ஜோசப் பீட் போன்ற பொறுமை குறைந்த இளையவர்கள் வந்தார்கள். 1835 நவம்பரில் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் கோட்டயம் வந்து, சுறியானிச் சபையின் தலைவர் சேப்பாட்டு மார் திவன்னாசியோஸிடம் சில யோசனைகளைச் சொன்னார். செமினாரியில் படித்துத் தேறியவர்களுக்கே கத்தனார் பட்டம் கொடுக்க வேண்டும். அடக்கத்துக்கும் ஆசீர்வாதத்துக்கும் வாங்கும் கட்டணத்தை நம்பிக் கத்தனார்கள் வாழாதபடி நிலையான வருமானம் ஏற்படுத்த வேண்டும். ஞாயிறுதோறும் பிரசங்கம் வேண்டும். வழிபாடு மலையாளத்தில் நடக்க வேண்டும். பள்ளிச் சொத்துக் கணக்கை ரெசிடென்டுக்குக் காட்ட வேண்டும்.

முதல் நான்கும் நல்ல யோசனைகள். ஆனால் கடைசி யோசனை எல்லாவற்றையும் கெடுத்தது. அந்த மெத்ரானின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். 1599இல் உதயம்பேரூரில் போர்த்துக்கீசிய ஆர்ச்பிஷப் மெனேசஸ் இதே மாதிரித் திருத்த வந்தவர்தான். திருத்தி முடித்தபோது சுறியானி நூல்கள் தீயில் எரிந்தன, சபை ரோமாபுரியின் கையில் இருந்தது. அதிலிருந்து விடுபட 1653இல் மட்டாஞ்சேரியில் கூனன் சிலுவையில் கயிறு கட்டிப் பிடித்துச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. இப்போது இன்னொரு வெள்ளைக்கார பிஷப் வந்து, தக்சாவை மாற்று, கணக்கைக் காட்டு என்கிறார். பாம்பென்று அரண்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

1836 ஜனவரி 16ஆம் தேதி மாவேலிக்கரையில் சபை கூடியது. அந்தியோக்கியப் பாத்ரியார்க்கீஸுக்குக் கீழ்ப்பட்ட நாங்கள் அவர் அனுமதியில்லாமல் எங்கள் முறைகளை மாற்ற மாட்டோம் என்று படியோலை எழுதிக் கையெழுத்திட்டார்கள். மிஷனரிகளுக்கும் சபைக்கும் இருந்த இருபது வருஷ உறவு அன்றோடு அறுந்தது. சொத்து யாருக்கு என்ற வழக்கு பஞ்சாயத்துக்குப் போய், 1840இல் கொச்சித் தீர்ப்பில் முடிந்தது. அது தனிக் கதை.

மிஷனரிகள் வெளியே போனபோது சுறியானி மக்களில் சிலரும் அவர்களோடு போய் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்தார்கள். ஆபிரகாம் மல்பானும் போயிருக்கலாம். அங்கே அவருக்கு மரியாதையும் வேலையும் சம்பளமும் காத்திருந்திருக்கும். அவர் கேட்ட திருத்தங்கள் அத்தனையும் அங்கே தயாராக இருந்தன. தக்சாவோடு மல்லுக்கட்ட வேண்டாம், மெத்ரானோடு மோத வேண்டாம். அவர் போகவில்லை. இந்தத் தொடரில் நாம் இதுவரை பார்த்த பல சீர்திருத்தக்காரர்களிடமிருந்து அவர் பிரிகிற இடம் இதுதான். தன் மக்கள் எந்தப் பள்ளியில் ஞானஸ்நானம் பெற்றார்களோ, எந்தக் கல்லறையில் தன் தாய் தகப்பன் கிடக்கிறார்களோ, அங்கேயே நின்று திருத்த வேண்டும் என்று அவர் நினைத்தார்.

புதுப்பள்ளிக் கைதயில் கீவர்கீஸ் மல்பானும் அவரும் கூடி, மொத்தம் 12 கத்தனார்கள் கையெழுத்திட்டு, 1836இல் ரெசிடென்ட் கர்னல் ஃப்ரேசரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். சபைக்குள் புகுந்துவிட்ட தவறான வழக்கங்கள் என்று இருபதுக்கு மேற்பட்டவற்றை அதில் வரிசைப்படுத்தியிருந்தார்கள். துரையிடமிருந்து எதிர்பார்த்த உதவி வரவில்லை. வராததே நல்லதாயிற்று என்று நினைக்கிறேன். திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மகாராஜா ஆண்ட காலம் அது. ரெசிடென்டின் சொல்லுக்குக் கனம் அதிகம். கும்பினி அதிகாரியின் உத்தரவால் தக்சா மாறியிருந்தால், அந்தத் திருத்தத்தின் மேல் துரையின் முத்திரைதான் இருந்திருக்கும். துரை கைவிட்டதால், மல்பான் தம் கையிலிருந்த ஒரே அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டி வந்தது. தம் சொந்தப் பள்ளியின் பலிபீடம்.

1837 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை. மாராமண் பள்ளியில் ஆபிரகாம் மல்பான் குர்பானா என்னும் நற்கருணை ஆராதனையை நடத்தினார், மலையாளத்தில்.

சுறியானிச் சபைகள் வழிவழியாக நடத்தும் குர்பானா, எருசலேமின் யாக்கோபு பெயரால் வழங்கும் பழைய முறை. அதை மல்பான் தூக்கி எறியவில்லை. ஆங்கிலிக்கன் ஜெப புத்தகத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைக்கவும் இல்லை. அதே யாக்கோபின் தக்சாவை எடுத்து, அதன் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, வேதத்துக்குப் பொருந்தாது என்று தாம் கண்ட வரிகளை மட்டும் எடுத்தார். கன்னி மரியாளிடமும் புனிதர்களிடமும் பரிந்துபேசக் கேட்கும் வேண்டுதல்கள் போயின. மரித்தவர்களுக்கான ஜெபங்கள் போயின. கத்தனாரின் காதில் பாவம் சொல்லி மன்னிப்பு வாங்கும் கட்டாயம் போயிற்று. வாங்குவதற்கு ஒருவரும் இல்லாதபோது கத்தனார் தனியாகக் குர்பானா நடத்துவது நின்றது. அப்பமும் திராட்சரசமும் இரண்டும் மக்களுக்குக் கொடுக்கப்பட்டன. மற்றபடி கத்தனாரின் அங்கி அதேதான், ராகம் அதேதான், நோன்பு அதேதான், மெத்ரான் வழியே வரும் பட்ட வரிசையும் அதேதான்.

இதில் ஒவ்வொரு நீக்கலுக்கும் வெளியே தெரியாத விளைவு ஒன்று உண்டு. மரித்தவர்களுக்கான ஜெபத்தை எடுத்தால், அதற்காக வீட்டார் கொடுக்கும் பணமும் நிற்கும். நிலையான சம்பளம் இல்லாத கத்தனாருக்கு அதுதான் அரிசியும் எண்ணெயும். ஆக மல்பான் அடித்துப் போட்டது தம்மைப் போன்ற கத்தனார்களின் வயிற்றுப்பாட்டையும் சேர்த்துத்தான். பாவ அறிக்கையை எடுத்தால், ஊர்க்காரர் ஒவ்வொருவரின் ரகசியமும் கத்தனாரிடம் இருக்கும் நிலை மாறும். மொழியை மாற்றினால், கத்தனார் தப்பாகச் சொன்னால் பின்வரிசையில் நிற்கும் கிழவிகூடக் கண்டுபிடித்துவிடுவாள். அதிகாரத்தைத் தம் கையிலிருந்தே எடுத்து மக்களிடம் வைத்த செயல் அது. வாழ்நாள் முழுதும் சுறியானி கற்பித்தே பெயர் வாங்கிய ஒருவர், அந்த மொழியைப் பலிபீடத்திலிருந்து இறக்கி வைத்திருக்கிறார். தம் பெருமைக்கு அடித்தளமாயிருந்ததையே ஒருவர் விட்டுக்கொடுப்பதை வரலாற்றில் அடிக்கடி பார்க்க முடிவதில்லை.

அதற்குப் பிறகுதான் அக்டோபர். பெருநாள். கிணறு.

கிணற்றுச் செயலை நான் முழு மனத்தோடு கொண்டாட முடியாமல் தவிக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முத்தப்பனுக்கு நகை போட்ட பெண்கள் ஏமாளிகளல்லர். தங்கள் துயரத்தைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வேறு இடம் தெரிந்திருக்கவில்லை. அந்த இடத்தை ஒரே நாளில் பிடுங்கினால் வலிக்கத்தான் செய்யும். மல்பான் கொடுத்த மாற்று, அவர்களுக்கே புரியும் மொழியில் ஒரு ஜெபம். சிலருக்கு அது போதுமானதாக இருந்தது. கோழஞ்சேரி, கும்பநாடு, இரவிப்பேரூர், தும்பமண், மாவேலிக்கரை, மல்லப்பள்ளி, தெற்கே கொட்டாரக்கரை, குண்டறை வரையிலிருந்தும் ஜனங்கள் மலையாளக் குர்பானாவைக் காணவும் அவர் பிரசங்கத்தைக் கேட்கவும் மாராமணுக்கு வந்தார்கள். குண்டறை கொல்லத்துக்குப் பக்கம். ரோடும் வண்டியும் இல்லாத நாளில் நடையாகவும் வள்ளத்திலும் அவ்வளவு தூரம் வந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்திருக்க மாட்டார்கள்.

சேப்பாட்டு மார் திவன்னாசியோஸ் சும்மா இருக்கவில்லை. ஆபிரகாம் மல்பானைச் சபையிலிருந்து விலக்கினார். அதைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்றும் அவர் கையில் இருந்தது. மல்பானிடம் படித்த செம்மாசன்களுக்குக் கத்தனார் பட்டம் கொடுக்க மறுத்தார். செம்மாசன் என்றால் பட்டத்தின் முதல் படியில் நிற்பவர், குர்பானா நடத்த முடியாதவர். மெத்ரான் கைவைத்தால்தான் அவர் கத்தனார் ஆக முடியும். விலக்கு மல்பான் என்ற ஒரு மனிதரைத்தான் தாக்கும். பட்டத் தடையோ அவருக்குப் பின் யாருமே இல்லாமல் செய்துவிடும். அவர் கண் மூடும் நாளில் திருத்திய தக்சாவும் மூடப்படும்.

மெத்ரான்கள் இல்லாமலே சபை நடத்தலாம் என்று ஐரோப்பாவில் பலர் முடிவு செய்தார்கள். மல்பானுக்கு அந்த வழி தோன்றவில்லை, அல்லது தோன்றியும் வேண்டாம் என்று விட்டார். மெத்ரான்தான் தடை என்றால், திருத்தத்தை ஏற்கும் மெத்ரான் ஒருவர் வேண்டும். அவரும் அந்தியோக்கியப் பாத்ரியார்க்கீஸின் கையாலேயே பட்டம் பெற வேண்டும். அப்போதுதான் மாவேலிக்கரைப் படியோலை எழுதியவர்களும் வாய் திறக்க முடியாது.

அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை மாத்தன் செம்மாசன். கோட்டயத்திலும் சென்னையிலும் படித்தவர், இருபது வயதை ஒட்டிய இளைஞர், துணிச்சல்காரர். அவரை மர்தீனுக்கு அனுப்பினார்கள். இன்றைய துருக்கியில், சிரியா எல்லையை ஒட்டிய மலை ஊர் மர்தீன். பாத்ரியார்க்கீஸ் இரண்டாம் எலியாஸ் அதன் பக்கத்தில்தான் இருந்தார். பம்பைக் கரையில் பிறந்த பையன் கடல் கடந்து, பாலை கடந்து, ஒட்டோமான் ராஜ்ஜியத்துக்குள் போய்ப் பாத்ரியார்க்கீஸின் முன் நின்றான். பாத்ரியார்க்கீஸுக்கு அவனைப் பிடித்துவிட்டது. 1842இல் மாத்யூஸ் மார் அத்தானாசியோஸ் என்ற பெயரில் மெத்ரானாக்கினார். மாராமணில் தக்சா எப்படித் திருத்தப்பட்டிருக்கிறது என்பது அப்போது பாத்ரியார்க்கீஸுக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்வியைப் பின்னாளில் இரு தரப்பும் நீதிமன்றம் வரை இழுத்தார்கள்.

1843இல் புதிய மெத்ரான் ஊர் திரும்பினார். மல்பானிடம் படித்துவிட்டுக் காத்துக் கிடந்தவர்களுக்குப் பட்டம் கிடைக்க வழி பிறந்தது. பெரியப்பா சித்தப்பா உறவில் உள்ள முதியவர் முன்னால், அவர் கைபிடித்து வளர்ந்த பிள்ளை மெத்ரானாக வந்து நிற்கிறான். சபை முறைப்படி இப்போது அவர்தான் அந்தப் பிள்ளையின் கையை முத்தமிட வேண்டியவர். ஆறு வருஷம் விலக்கப்பட்டவராக வாழ்ந்த மனிதருக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் இரண்டு வருஷம்தான். 1845 செப்டம்பர் 9ஆம் தேதி ஆபிரகாம் மல்பான் இறந்தார். 49 வயது. அவர் பெரிய நூல் எதுவும் எழுதிவைக்கவில்லை. லூத்தரைப் போல வாதப் பிரதிவாதங்களையும் கால்வினைப் போலக் கோட்பாட்டு விளக்கங்களையும் அவரிடம் தேடினால் ஏமாந்துபோவோம். அவர் விட்டுச் சென்றது சில வரிகள் நீக்கப்பட்ட ஒரு தக்சா, அதை நடத்தத் தெரிந்த மாணவர்கள், ஒரு மெத்ரான். கூடவே இரண்டு ஆண் பிள்ளைகளும் பின்னாளில் ஒருவர் பின் ஒருவராக அதே மெத்ரான் இருக்கையில் அமர்ந்தார்கள். இளையவரான தீத்தூஸ் மார் தோமாவின் காலத்தில், 1895 மார்ச்சில், மாராமணை ஒட்டிய பம்பை மணல்திட்டில் ஓலைப் பந்தல் போட்டு ஒரு கூட்டம் நடத்தினார்கள். இன்றைக்கு ஆண்டுதோறும் பிப்ரவரியில் கூடும் மாராமண் கன்வென்ஷனின் முதல் கூட்டம் அது. அதில் பேச வந்தவர்களில் ஒருவர் 'தமிழ் டேவிட்' என்று மலையாளிகள் அன்போடு அழைத்த நம் சுவிசேஷகர். ஆனால் மணல்திட்டுக்கு வருவதற்கு முன்னால் அந்தச் சபை கடக்க வேண்டிய ஆறு ஒன்று இருந்தது.

மல்பான் இறந்தபோது ஊரில் இரண்டு மெத்ரான்கள். சேப்பாட்டார் ஒருவர், மாத்யூஸ் மார் அத்தானாசியோஸ் இன்னொருவர். யார் உண்மையான தலைவர் என்று திருவிதாங்கூர் அரசு விசாரித்து, 1852இல் மாத்யூஸ் மார் அத்தானாசியோஸையே மெத்ராப்போலீத்தா என்று விளம்பரம் செய்தது. மறைந்த மல்பானின் தரப்பு வென்றுவிட்டது போலத்தான் தோன்றியது. விளம்பரத்தை ஒப்புக்கொள்ளாதவர்கள் மர்தீனுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். உங்கள் கையால் பட்டம் பெற்றவர் உங்கள் தக்சாவை ஏற்காதவர் என்று எழுதினார்கள். 1865இல் எதிர்த்தரப்புக்கும் பாத்ரியார்க்கீஸிடமிருந்து ஒரு மெத்ரான் பட்டம் பெற்று வந்தார். அப்படியும் விவகாரம் தீராமல், 1875இல் பாத்ரியார்க்கீஸ் பத்ரோஸே லண்டன் வழியாகக் கப்பலேறி மலையாளக் கரைக்கு வந்து இறங்கினார்.

(தொடரும்)